தொடாமல் நகர்த்தியவள்

மாடிப்படியின் நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் ஆடு. செல்லத்தாய்க்கு நான்கு விசைத்தறிகளும் ஐந்து ஆடுகளும் உண்டு. ஐந்தில் இதுதான் மூத்தது, பிடிவாதக்காரி. படிக்கு மேலே நான் தார்ப்பாய் கட்டியிருந்ததால் வெயில் ஏறியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

மாடியில் குடியிருந்தவள் கல்லூரிக்குக் கிளம்பி மேல்படியில் வந்து நின்றாள். கீழே நின்ற நான் ஆட்டை விரட்டக் குச்சியைத் தேடினேன். "வேண்டாம் சார்" என்றாள். எட்டித் தார்ப்பாயின் ஒரு கயிற்றை அவிழ்த்து, ஒரு முழம் தள்ளி வேறு கம்பியில் கட்டினாள். ஆட்டின் முதுகில் பாதிக்கு வெயில் விழுந்தது. அவள் கைப்பையை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆடு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு எழுந்து, தானே யோசித்து முடிவெடுத்ததைப் போல, நிழல் போன இடத்துக்கு இறங்கிப்போய்ப் படுத்துக்கொண்டது.

"பஸ் போயிருச்சேம்மா" என்றேன்.

"அடுத்த பஸ் வரும் சார். பிடிச்சுத் தள்ளியிருந்தா அது நம்மகூட மல்லுக்கு நின்னுருக்கும். இப்ப அதுக்கு நம்ம மேல கோவமே இல்ல பாருங்க."

அவளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ஆடுதான் முதலில் வருகிறது. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் எங்கிருந்தாவது திரும்பிப் பார்ப்பாளோ என்று எனக்கு ஒரு பயம்.

நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவன். இரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நூறு வெள்ளணுக்களை எண்ணி, அதில் எந்த வகை எத்தனை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. பிச்சிப்பூச் சரத்தில் கண்ணிகளை எண்ணுவேன். பிரசங்கத்தில் போதகர் எத்தனை முறை "ஆகவே" சொன்னார் என்று எண்ணுவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி, "திங்குத பருக்கையையாவது எண்ணாம விடுங்களேன்" என்பாள். ஊரில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். மாடிக்காரியும் அப்படித்தான் அழைத்தாள்.

மாடிக்காரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ராயகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கோ வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, எங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்த வந்திருந்தாள். குடிவந்த மறுநாளே என்னிடம் கேட்டது, "சார், உங்ககிட்ட மைக்ராஸ்கோப் இருக்காமே?"

இருந்தது. ஆஸ்பத்திரி லேபை மூடியபோது நான் கேட்டு வாங்கி வந்தது. கூடவே இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க, கையால் சுற்றும் செண்ட்ரிஃப்யூஜ் ஒன்றும், சாயப் புட்டிகள் ஏழும்.

அவள் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் ஒளி புகும் ரப்பர் போன்ற ஒரு துண்டு ஒட்டியிருந்தது. ரப்பருக்குள் தலைமுடிப் பருமனில் ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலின் தரையில் தங்க நிறத்தில் இரண்டு சீப்புகளை எதிரெதிராகக் கோத்து வைத்ததுபோல் கோடுகள்.

"இதுக்குள்ள செல்லை ஓடவிட்டு, கரண்டால அதை நகத்தலாம் சார். இந்தப் பக்கம் வான்னா வரும், அந்தப் பக்கம் போன்னா போகும்."

"ஷாக் அடிச்சுச் செத்துராதா?"

"ஷாக் இல்ல சார். கரண்டு அதைத் தொடவே செய்யாது."

நுண்ணோக்கியை மாடியில் அவள் மேசையில் வைத்தோம். செல்லத்தாயின் தறிகள் ஓடினால் அந்த மேசையே நடுங்கும். நுண்ணோக்கியில் எதுவும் நிற்காது. அதனால் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவள் வேலை. நான் ஆராதனை முடிந்து வந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். பேக்கரியில் வாங்கிய ஈஸ்டில் பாதியை அவள் கொதிநீரில் போட்டுக் கொன்றிருப்பாள். கொன்றதையும் கொல்லாததையும் கலந்து, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் சர்க்கரை போட்டு அதில் விடுவாள். உப்பு மட்டும் ஆகாது. உப்புத் தண்ணீரில் கரண்டு நேரடியாக ஓடிச் சூடேறிக் கொப்புளம் கிளம்பிவிடும். என் பங்குக்கு நான் மெத்திலீன் நீலம் கொடுத்தேன். செத்த ஈஸ்ட் அந்த நீலத்தைக் குடிக்கும். உயிருள்ளது குடிக்காது.

முதல் முறை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீலமும் வெள்ளையுமாகத் திருவிழாக் கூட்டம்போல் எல்லாம் கலந்து மிதந்தன. அவள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த, கரண்டு தரும் பெட்டியின் குமிழைத் திருகினாள். வெள்ளைகள் ஒவ்வொன்றாகச் சீப்புப் பற்களின் ஓரத்துக்குப் போயின. போய் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டன, கட்டிய சரம்போல. நீலங்கள் அந்த ஓரங்களைவிட்டு விலகி, ஓடும் தண்ணீரோடு போய்விட்டன.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிருள்ளதையும் செத்ததையும் யாரோ பெயர் சொல்லிப் பிரித்து நிறுத்தியதுபோல் இருந்தது.

"அதுக்கு எப்படிம்மா தெரியுது, எது செத்ததுன்னு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். உயிருள்ளதுக்குத் தோல் முழுசா இருக்கு. செத்ததோட தோல் ஓட்டையாயிருது. அதனால ரெண்டும் கரண்டுக்கு வேற வேற மாதிரித் தெரியும். நான் பண்ணுதது ஒண்ணே ஒண்ணுதான். சுத்தி இருக்குத எடத்தை ஒரு பக்கம் ஏத்தமாவும் ஒரு பக்கம் எறக்கமாவும் ஆக்குதேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா எதுவும் நகராது. ஒரு சாய்வு வேணும்."

சாய்வு வேணும். இதை அவள் எல்லாவற்றுக்கும் சொல்வாள். கல்லூரியில் பின்பெஞ்சுப் பையன்கள் முன்னால் வரவில்லை என்றால், திட்டமாட்டாள். பின்பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிடுவாளாம்.

அவள் யாரையும் தொடமாட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது செல்லத்தாய்தான். ஒருநாள் மாலை பிச்சிச் சரத்தோடு வந்து, "திரும்பு தாயி, வச்சு விடுதேன்" என்று கையை நீட்டினாள். மாடிக்காரி சட்டென்று இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். "அங்கன வைங்கக்கா, நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

செல்லத்தாயின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், என் கையில என்ன சாணியா இருக்கு? எங்க சாதி என்னன்னு முதல்லயே கேட்டுட்டுப் பின்னால போயிருக்கலாம்லா?"

எங்கள் ஊரில் ஒருவர் தொடாமல் விலகினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் மனைவிதான் இடையில் புகுந்தாள்.

"ஏட்டி செல்லத்தாயி, அவ என்னையவும் தொட்டது கெடையாது. இவங்களையும் தொட்டது கெடையாது. காபி டம்ளரைக் கூட மேசையில வச்சாத்தான் எடுப்பா. நாங்க என்ன சாதின்னு அவளுக்கே தெரியாது. போ."

"அப்ப மேடத்துக்கு என்னதான் நோவு?"

"நோவு இல்லக்கா" என்றாள் மாடிக்காரி மெதுவாக. "லேபில செல்லைத் தொட்டாச் செத்துரும். வருசக்கணக்கா அப்படியே பழகிட்டு. இப்ப யாரு பக்கத்துல கை போனாலும் பயமா இருக்கு, எதையோ கெடுத்துருவேனோன்னு."

செல்லத்தாய் அதை நம்பினாளா தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு பூவைப் படியில் வைத்துவிட்டு, "ஏ கரண்டு! பூ வச்சிருக்கேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து திருநெல்வேலியில் அறுவை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அவள் நிம்மதியாக இருந்தாள். நான்தான் இல்லை. அவள் இருமினால் எண்ணினேன். தட்டில் இட்லி மிச்சம் வைத்தால் எண்ணினேன்.

ஒரு ஞாயிறு மாடிக்காரி பேச்சுவாக்கில் சொன்னாள், அவள் படித்த இடத்தில் இதே முறையில் புற்றணுக்களைப் பிரிக்கப் பார்த்தார்கள் என்று. கட்டியிலிருந்து உதிர்ந்து இரத்தத்தில் திரிகிற அணு மற்ற அணுக்களைப்போல் நகராது, வேறு இடத்துக்குப் போகும் என்று. சொன்ன உடனே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

"டீச்சர் இரத்தத்தைப் பார்த்துச் சொல்லும்மா."

"சார், இது டெஸ்ட் இல்ல. ஈஸ்டை வச்சு விளையாடுத சாமான். இதுல பாத்துட்டு நான் என்ன சொன்னாலும் தப்பு."

"பாரு. சொல்ல வேண்டாம்."

"ஒண்ணு தள்ளிப்போச்சுன்னா அது வேற மாதிரி இருக்குன்னுதான் சார் அர்த்தம். என்னதுன்னு அது சொல்லாது."

நான்கு ஞாயிறுகள் கெஞ்சினேன். அவளிடம் மறுப்பு இருந்தது, எதிர்ப்பு இல்லை. கடைசியில், "டீச்சர் சரின்னு சொன்னாப் பாக்குதேன்" என்றாள். என் மனைவியிடம் போய் நின்றேன். அவள் நகைச்சுவை மாறாமல் கையை நீட்டினாள்.

"எடுங்க. என் இரத்தத்தை வச்சு ரெண்டு பேரும் பரீட்சை எழுதப் போறிய. பாஸானா எனக்குப் பிரியாணி வாங்கித் தந்துரணும்."

நானே எடுத்தேன். நரம்பு பார்ப்பதில் என் விரல் இன்னும் தவறவில்லை. சிவப்பணுக்களைக் கரைத்து, செண்ட்ரிஃப்யூஜைக் கையால் சுற்றி, மீதியைச் சர்க்கரைத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தேன். அதுவரைக்கும்தான் என் வேலை. ஈஸ்ட் பார்த்த நாட்களுக்குப் பிறகு என் இரண்டு கண்ணிலும் புரை முற்றி மூடியிருந்தது. வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியில் எண்ணியவன் என் மனைவியின் இரத்தத்தை எண்ண முடியாமல் பக்கத்தில் நின்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். இடதுகை குமிழைத் திருகியது. நின்றது. மறுபடி திருகியது. வெளியே தறிச் சத்தம் இல்லாத தெரு. எனக்கு அவள் மூச்சு கேட்டது. ஒரு கட்டத்தில் அந்த மூச்சும் கேட்கவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"இது எண்ணிச் சொல்லுதது இல்ல சார்."

"தள்ளிப் போச்சா ஏதாவது?"

அவள் குமிழைத் திருகிப் பெட்டியை நிறுத்தினாள். கண்ணாடிச் சில்லைப் பஞ்சில் வைத்தாள். "இதை வச்சு நான் ஒண்ணும் சொல்லக்கூடாது சார். முதல்லயே சொன்னேன்லா" என்றாள். குரலில் எந்த ஏற்றமும் இறக்கமும் இல்லை. முகத்தைப் பார்க்க என் கண்ணில் தெளிவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஓர் எண்ணாவது தந்திருக்கலாம். கண்ணாடிக் குழாய்களை அள்ளிக்கொண்டு கீழே இறங்கி, கொல்லைப்பக்கத்துக் குழாயடிக்குப் போய்க் கழுவத் தொடங்கினேன். கழுவி முடித்து வந்தபோது மாடிக் கதவு சாத்தியிருந்தது. என் மனைவி முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல்ல. உங்களுக்கு என்ன, பிரியாணிக் காசு மிச்சம்" என்றாள்.

அந்த வாரமே மாடிக்காரி கீழே இறங்கி வந்தாள். தம்பிக்குக் கல்யாணம், திருநெல்வேலியில் பட்டு எடுக்க வேண்டும், தனக்கு நிறம் பார்க்கத் தெரியாது, டீச்சர் கூட வரவேண்டும் என்றாள். இருவரும் போனார்கள். ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு தெருதான். திரும்பி வரும்போது பட்டுப்புடவை இல்லை. ஸ்கேன் எடுத்த உறை இருந்தது.

கல்லீரலுக்கு வந்துவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னதாகப் பார்த்ததால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மாடிக்காரியின் தம்பிக்கு அந்த வருடம் கல்யாணமே இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மருந்தால் எங்களுக்கு இரண்டு கிறிஸ்துமஸ் கிடைத்தது. முதலாவதுக்கு முன்பே என் கண்புரையையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் படுக்கையைவிட்டு எழவில்லை. ஒரு பிற்பகல், நான் கட்டிலில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேலே மாடியில் நடமாட்டம் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? கல்லு மாதிரி இருந்தா."

என் மனைவி சிரித்தாள். சிரிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

"எனக்குச் சொல்லிட்டாளே."

"எப்ப?"

"நீங்க கொல்லைல குழாய் கழுவிக்கிட்டு இருந்திய. அவ மாடியில இருந்து எறங்கி வந்தா. ஒண்ணும் பேசல்ல. எம் பக்கத்துல உக்காந்து எங் கையைப் பிடிச்சா."

நான் மாத்திரையைக் கீழே வைத்தேன்.

"அவ்வளவுதான். ஆட்டுக்குட்டியைக் கூடத் தொடாத பிள்ளை எங் கையைப் பிடிக்கான்னா எனக்குத் தெரியாதா? நான்தான், சார்கிட்ட இப்ப சொல்லாத மக்கா, திருநெல்வேலிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போன்னேன். சாக்கு மட்டும் அவளாப் பாத்துச் சொன்னது."

அதற்குப் பிறகு மாடியில் காலடி கேட்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் படி இறங்கி வருவது எனக்குப் பிடிக்காமல் போனது. ஒன்றும் செய்யாத பெண்மேல் ஏன் இந்தப் பயம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒருவேளை அவள் அன்று எதையும் பார்க்காமலே இருந்திருக்கலாம். பாவப்பட்டுப் பிடித்த கையாக இருக்கலாம். எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் அந்தச் சாமானில் அப்படித் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்பார். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கை சரியாகச் சொல்லியிருந்தது.

என் மனைவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த அன்று முன்னறை நிறைய ஆட்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாடிக்காரி வாசல் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள். என் கொழுந்தியாள், "அழுகாளா பாரு. கூடவே இருந்தவ, பக்கத்துல வந்து நிக்காளா பாரு" என்றாள். என்னைச் சாப்பிட எழுப்ப ஆளுக்கு ஒரு பக்கம் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க நான் பெட்டியின் ஓரத்தை இறுக்கிக்கொண்டேன். சற்று நேரத்தில் பார்த்தேன், மாடிக்காரி என் மனைவியின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய் உள்ளறைச் சாப்பாட்டு மேசையில், விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடும் என்று நான் எழுந்து ஓடினேன். அதை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது முன்னால் கஞ்சி இருந்தது. குடித்தேன். அவள் அங்கே இல்லை.

போன வருடம் அவளுக்கு வடக்கே வேலை கிடைத்தது. சாமான்களை ஏற்றிய வண்டி தெருமுனையில் நின்றது. நான் வழக்கம்போல் வாசலுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். புரை எடுத்துவிட்டதால் இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் படி இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"சார், நான் வாரேன்."

"சரிம்மா. நல்லா இரு."

அவள் போகவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, பழக்கமில்லாத ஒன்றைச் செய்கிறவளைப்போல, வலது கையை என் பக்கம் நீட்டினாள்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்வரைக்கும் போய்விட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். கோபமில்லை. தன் கையை அவளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு படியோரம் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள். செல்லத்தாய் வீட்டுச் சுவர்ப்பக்கம் இழுத்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, திரும்பாமல் போய்விட்டாள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன். என் மேல் வெயில் அடித்திருக்கிறது, நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போயிருக்கிறேன். செல்லத்தாயின் தறிக்கூடத்து ஜன்னல் அங்கேதான் திறக்கிறது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இந்தப் பக்கம்? காபி குடிக்கியளா?" என்றாள் அவள், தறியை நிறுத்திவிட்டு. அன்றிலிருந்து அங்கேதான் உட்காருகிறேன். தினமும் பேச ஆள் இருக்கிறது.

அவள் கை நீட்டிப் போன பிறகு எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லா எண்களும் இருக்கவேண்டிய அளவில்தான் இருக்கின்றன. திருநெல்வேலி டாக்டர், "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல ரிப்போர்ட்" என்றார். நம்பத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாராவது கைகுலுக்க வந்தால், கையை நீட்டுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.